துவைக்கிற கல்லுக்கு அடியில் இருந்த ஆள்

சேலத்தில் கோட்டை என்று ஓர் இடம் உண்டு. பேருந்து நிற்கும், நடத்துனர் "கோட்டையெல்லாம் எறங்கு" என்பார், கூட்டம் இறங்கும். கோட்டையை மட்டும் காணோம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியே தலை நரைத்த எனக்கு இது ஒருநாளும் உறுத்தியதில்லை. பானிபட்டில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கோட்டை காணாமல் போயிருக்கிறது என்பதை ஒரு வெள்ளைக்காரர் வந்து கேட்கும்வரை நான் கவனிக்கவில்லை.

என் மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே அவனுக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்தான் இந்த வெள்ளைக்காரர். பழைய தேவாலயங்களைப் பழுது பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தார். மகன் போனில் சொன்னான்: "ஏர்க்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்கப்பா. அவருக்குக் குளுரு அங்கியே வேணுங்கற அளவு இருக்குது. பழசா ஏதாச்சும் காட்டுங்க."

"பழசுன்னா ஊட்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கறீங்க," என்றாள் என் மனைவி. "உங்களையே உக்கார வெச்சுக் காட்டிரலாம்."

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவரைத் தங்க வைத்து, காலையில் பழைய சேலத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் கண்ணால் பார்க்கிற ஆள் இல்லை, உள்ளங்கையால் பார்க்கிற ஆள். ஒரு சுவரைக் கண்டால் போதும், மாட்டைத் தடவிக் கொடுப்பது போலத் தடவுவார். பிறகு என்னிடம் திரும்புவார்.

"இது எந்தக் காலத்தது?"

"வெரி ஓல்ட்."

"யார் கட்டியது?"

"கிங்."

"எந்த கிங்?"

"ஓல்ட் கிங்."

கோட்டை இருந்ததென்றால் பக்கத்தில் ஆறும் இருந்திருக்குமே என்றார். பாலத்துக்குக் கூட்டிப் போய்த் திருமணிமுத்தாற்றைக் காட்டினேன். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். முத்து கிடைத்த ஆறு என்றேன். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல், மரியாதைக்காக, வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூக்கைப் பொத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குமேல் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். அவராகப் பார்த்தார். நான் பின்னால் நடந்தேன். ஒரு சந்தில் மளிகைக் கடைப் படியில் தலைகீழாகப் பதித்திருந்த தூண் துண்டு ஒன்றைக் காட்டினார். பூ இதழ் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. அந்தப் படியில் ஏறித்தான் நான் வருடக்கணக்கில் பெருங்காயம் வாங்கியிருக்கிறேன். இன்னொரு தெருவில் ஒரு வீட்டு நிலைக்கதவின் மேல் மரத்தில் செதுக்கிய யானை, வரிசையாக வயரும் மீட்டர் பெட்டியும் மேலே ஏற, கீழே பொறுமையாக நின்றது. மாலையில் வீடு திரும்பியபோது என் ஊரை யாரோ எனக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்தது போல இருந்தது. அந்த உற்சாகத்தில்தான் மறுநாள் என் அக்காவின் காட்டுக்கு, அவள் வீடும் நிலமும் இருக்கிற இடத்துக்கு, மதியச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்துப் போனேன்.

அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் ஆட்டையாம்பட்டியைத் தாண்டி அக்கட்டால். மாமா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. ஒரே மகன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு திரிகிறான். தீபாவளிக்கு வந்தால் உண்டு. அக்கா தனியாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறாள். நிலம் கொஞ்சம்தான். ஆனால் கிணறு நல்ல கிணறு. சுற்றுக் காடெல்லாம் காய்ந்தாலும் அது கடைசியாகத்தான் காயும். அந்தக் கிணறும் அதற்குப் போகிற வரப்பும் இருப்பதால்தான் யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் இருந்தாள். இதைச் சொல்லிவிட்டால் நடந்தது புரியும்.

கிணற்று மேட்டில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. ஆள் படுக்கிற அகலம். சாப்பிட்டுக் கை கழுவப் போன வெள்ளைக்காரர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் சேற்றில் குப்புறப் படுத்து, கல்லுக்கும் தரைக்கும் நடுவில் செல்போன் விளக்கை அடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். "ஏஞ்சாமி, அவரு ஏன் இப்பிடி உழுந்து கெடக்கறாரு? வெயிலு ஒத்துக்கலியா? சோடா வாங்கியாரச் சொல்லட்டா?"

"ஒண்ணுமில்லக்கா. கல்லப் பாக்கறாரு."

"கல்லுல என்ன இருக்குது? நேத்துத்தான் நல்லாத் தேச்சுக் கழுவுனேன்."

பக்கத்துக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டோம். கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். மண்ணைக் கழுவினோம். உள்ளே ஓர் ஆள் இருந்தான்.

ஒரு கையில் வில். இன்னொரு கையில் குத்துவாள். எதிரே பின்னங்காலில் எழும்பி நிற்கிற புலி. அவன் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மாடு தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஏதோ எழுத்து, பாதி அரித்துப் போயிருந்தது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் வெள்ளைக்காரர்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். குற்றம் கண்ணாடியுடையது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் புன்னகை செய்தார். எழுத்து இல்லாமலே அவருக்குப் புரிந்திருந்தது. "மாட்டைக் காப்பாற்றப் போய்ச் செத்தவன். இப்படிப்பட்டவர்களுக்கு அநேகமாக விழுந்த இடத்திலேயே கல் வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். இவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்."

அதை அக்காவுக்குச் சொன்னேன். அவள் கட்டுத்தறியில் நின்ற தன் மாடுகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆரு பெத்த புள்ளையோ," என்றாள். "இத்தன வருசமா இவன் முதுகு மேல போட்டுல்ல துணி அடிச்சிருக்கறேன்."

வெள்ளைக்காரர் கல்லின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயச் சாயச் சாய்ந்த வெயிலில் அந்த ஆளின் விலா எலும்புகூடத் தெரிந்தது. அவர் கல்லையே பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நானும் கல்லைப் பார்த்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: மறுபடி குப்புறப் போட்டுவிடாதீர்கள். மூன்று பேர் கூடிச் சாய்த்துக் கிணற்றுச் சுவரோரமாக நிறுத்தி வைத்தோம். அவர் மதுரைக்கு ரயிலேறிப் போனார்.

பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மறுநாள் விடிகாலையில் தண்ணீர் கட்டப் போன அக்காவுக்கு அந்த ஆளைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேலியோர அரளியில் நாலு பூப் பறித்துத் தலையில் வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஓர் அகல் விளக்கு. "மொகத்தப் பாத்தாச்சு. இனி சும்மா உட முடியுங்களா?" என்று என் மனைவியிடம் போனில் சொன்னாளாம். எங்கள் பக்கத்தில் கல்லில் முகம் தெரிந்தால் மஞ்சள் பூசாமல் விடுகிற கை கிடையாது. நான் கடைப் படியில் மிதித்த தூணுக்கு முகம் இல்லாததால் தப்பித்தேன்.

ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அந்த வரப்பில்தான் போவார்கள். அவர்கள் பார்த்தார்கள். ஒருத்தியின் காணாமல் போன கன்றுக்குட்டி, அவள் அங்கே கற்பூரம் ஏற்றிய அன்றே திரும்பி வந்துவிட்டது. மாடு காத்தவன் மாட்டைக் கொண்டுவந்து விட்டான் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். அவனுக்கு அய்யன் என்று பெயர் விழுந்தது. பெயர் இருந்திருக்கும் என்று கவலைப்பட்டவர் மதுரையில் இருந்தார். நான் போட்டோ அனுப்பினேன். இதயம் படம் ஒன்று பதிலுக்கு வந்தது.

அடுத்த முறை நான் போனபோது கல்லுக்கு மேல் தகரக் கூரை இருந்தது. அதற்கடுத்த முறை ஒலிபெருக்கி. அதற்குள் திருப்பணிக் குழு ஒன்று கூடியிருந்தது. ஊராட்சியில் ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர்தான் குழுவுக்கும் தலைவர். நல்ல மனிதர், அக்காவிடம் மரியாதை குறையாமல் பேசுவார். மரியாதை குறையாமலே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சோப்புத் தண்ணீர் அய்யன் முன்னால் ஓடக்கூடாது. சரி என்றாள் அக்கா. துணி மூட்டையை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மாட்டைக் கிணற்று மேட்டில் கட்டினால் சாணி விழும். சரி என்றாள். மாடு காத்தவனுக்கு முன்னால் மாடு நிற்கக்கூடாதா என்று நான் கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வகுப்பில் சிரித்தவர்கள் மார்க்குக்காகச் சிரித்தவர்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மோட்டார் ரூம் அய்யன் பார்வைக்கு நேராக இருக்கிறது, அதைப் பேர்த்துவிட வேண்டும் என்றார்கள். அப்புறம் வரப்பு. வரப்பை எடுத்துவிட்டுக் கார் வருகிற அளவுக்குக் கிழங்குக் காட்டில் பாதை விட வேண்டும். பாதை விட்டால் வண்டி நிறுத்த இடம் வேண்டும். அக்கா அங்கேதான் சரி என்று சொல்லாமல் நிறுத்தினாள்.

"தம்பி, நீ ஒரு நட வா," என்று கூப்பிட்டாள். போனேன். பாறைபோல இருந்தவள் முகம் சுண்டிப் போயிருந்தது. "மோட்டாரப் பேத்தாக் கெணத்துத் தண்ணி அவியளுது ஆயிப் போயிரும். வரப்பையும் குடுத்துப்போட்டா நான் எங்க போறது? கெணறு இல்லாட்டி இந்தக் காட்ட வெச்சுட்டு நான் என்ன பண்றது? ஒரே வெசனமா இருக்குது சாமி."

அதைப் பேசத்தான் குழுத்தலைவரிடம் போனோம். அவரோ முதல் பூசைக்கான ஏற்பாட்டில் இருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அக்கா, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க. மொத வெளக்க ஒரு சுமங்கலி ஏத்தறதுதானுங்க மொற. உங்க மருமவளாச்சும் ஊர்ல இருந்தாப் பரவால்ல."

"அந்தக் கல்லுக்கு மொத வெளக்கு வெச்சதே நாந்தானுங்களே," என்றாள் அக்கா.

"அப்ப அது கல்லுங்க்கா. இப்ப சாமி."

அக்கா என் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பின்னால் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் சிரிக்க வைக்கலாம் என்று ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அவ்வளவு மட்டமாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகளின் யோக்கியதை தெரிந்த என் மனைவி வேண்டாம் என்றாள். இது சாமி இல்லை, நினைவுக்கல், இதை இப்படியெல்லாம் மூடி மறைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரரையே சொல்ல வைத்தால் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர் நெதர்லாந்துக்குத் திரும்பியிருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டேன். ஐடிஐ படித்த ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டார். மாலை, கற்பூரம், பம்பை, பொங்கல் பானை எல்லாவற்றையும் அவர் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார்கள்," என்றார். "உங்களிடம் இவன் உயிரோடு இருக்கிறான்."

"என்னங்க வாத்தியாரே சொல்றாரு?" என்றார் தலைவர்.

மாற்றிச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். போனைப் பிடித்திருந்தவர் முந்திக்கொண்டார். "அய்யன் உசுரோட இருக்கறாருன்னு சொல்றாருங்க."

கூட்டத்தில் ஒரு கிழவர் அங்கேயே விழுந்து கும்பிட்டார். வெள்ளைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் கண்ணுக்குத் தெரிந்த எதுவும் பொய்யில்லை. திரையில் அக்கா தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நின்றிருந்தாள்.

பாதைக்கு முடிவு சொல்ல ஏரி ரோட்டில் ரேஷன் கடை முன்னால் ஊர்க் கூட்டம் வைத்தார்கள். அக்கா வந்தாள். கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள்.

"அய்யனுக்கு எடம் வேண்டாம்னு நான் சொல்லலீங்க. ஆனா அவரு எடம் என்ற காடு இல்லீங்க. கெணறு வெட்டறப்ப என்ற மாமனாரு ஏரிக்கரையில கெடந்த கல்ல ரெண்டு சோடி மாட்டப் பூட்டி இழுத்தாந்து போட்டாருங்க. அவர அவரு எடத்துக்கே கொண்டு போயி வெச்சுருங்க. அதான் அவருக்கும் மருவாதி."

கூட்டம் சலசலத்தது. "இத்தன நாளா இத ஏன் சொல்லலீங்க?" என்றார் ஒருவர். "வெளக்குப் பேச்சு வந்தொடனே நாவகம் வருதாக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரு சொல்லட்டும். சரித்திரம் படிச்சவரு. அவருக்குத் தெரியாததா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை; தரையில் கால் விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏரிக்கரைதானுங்க," என்றேன். "மாமாவே என்கிட்டச் சொல்லியிருக்கறாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஊருக்காக உசுர உட்டவன ஒரு கெணத்து மேட்டுலயா வெப்பாங்க? நாலு ஊரு சனம் போற வழியில, எல்லாரும் பாக்கற மாதிரித்தான வெச்சிருப்பாங்க?"

மாமா அப்படி ஒன்றும் என்னிடம் சொன்னதில்லை. தலைவர் தலையாட்டத் தொடங்கினார். ஏரிக்கரை ரோட்டோரம், கார் நிற்கும், திருச்செங்கோடு போகிற வண்டிகூட நின்று போகும். அது அவருக்கு ஏற்கெனவே தோன்றிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

நல்ல நாள் பார்த்து ஜேசிபி வந்தது. வாழைமரம் கட்டிய டிப்பரில் வைக்கோல் பரப்பிக் கல்லை ஏற்றினார்கள். தூக்கும்போது சங்கிலி உராய்ந்து புலியின் காது உடைந்தது. சிமெண்டில் புதுக் காது வைத்துவிட்டார்கள், அசலைவிடப் பெரிது. இப்போது அய்யனுக்கு வெள்ளியில் கண் இருக்கிறது, மீசை இருக்கிறது, புலிக்கு எனாமல் பெயிண்டில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு. அடியிலிருந்த எழுத்தின் மேல் கிரானைட் ஒட்டி, கொடுத்தவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள்.

கிணறு அக்காவுக்கு மிஞ்சியது. வரப்பு மிஞ்சியது. மாடுகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். தொட்டி ஓரமாகக் குந்தி, வாளிக்குள் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கல் கிடந்த இடத்தில் ஒன்றும் போடவில்லை.

"அக்கா, நெசமாவே ஏரிக்கரையில இருந்துதான் கொண்டாந்தாங்களா?"

"நான் கண்ணாலமாயி வாரப்பவே அது இங்கதான் கெடந்துது," என்றாள். துணியைப் பிழிந்து உதறினாள். "அன்னிக்கு அவரு என்னவோ சொன்னாரே தம்பி, உழுந்த எடத்துலயேதான் வெப்பாங்கன்னு. அது நெசமா?"

"அநேகமான்னுதான் சொன்னாரு."

"அப்ப அவன் இங்கதான் செத்திருக்கோணும்." வெறும் மண்ணைப் பார்த்தாள். "மாட்டுக்காவ வந்து செத்தவன, என்ற மாடு நிக்கோணும்னு நானே தொரத்தி உட்டுட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவள் அடுத்த துணியை வாளியில் முக்கினாள்.

போன வாரம் வெள்ளைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. பழைய கல்லெழுத்துப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கிடைத்திருக்கிறாராம். அன்றைக்கு எடுத்த படத்திலிருந்து முயற்சி செய்து பார்ப்பாராம்; ஒருவேளை அவன் பெயர் தெரியலாம். அன்றைக்கு வந்த வழி எனக்கு நினைவில்லை, கல் கண்டெடுத்த இடத்தை மட்டும் மேப்பில் சரியாகக் குறித்து அனுப்புங்கள், ஆராய்ச்சிக்கு அதுதான் முக்கியம் என்று எழுதியிருந்தார்.

கிணற்று மேட்டைக் குறித்து அனுப்பினால் அவன் விழுந்த இடமே அதுதான் என்று எழுதுவார்கள், அது ஒருநாள் திரும்பி ஊருக்கு வரும். ஊரில் ஐடிஐ படித்தவர் இருக்கிறார். அதன் பிறகு பாதையும் மோட்டார் ரூமும் மறுபடி பேச்சுக்கு வரும், அக்காவைப் பொய்க்காரி என்பார்கள், இந்தத் தடவை நான் எழுந்து நின்றால் எனக்கும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். வெள்ளிக் கண்ணோடு அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரிக்காரர் ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டு ஏறினார். அவன் முன்னால் நின்று, போனை உயர்த்திப் பிடித்து, இடம் சரியாக விழுகிறதா என்று இரண்டு முறை பார்த்து அனுப்பினேன்.

மிக்க நன்றி, இனி இவன் எங்கே விழுந்தான் என்பது தொலைந்து போகாது என்று உடனே பதில் வந்தது.